"முடிஞ்சிருச்சு"

அயர்லாந்தில் எதற்கெடுத்தாலும் 'கிராண்ட்' என்பார்கள், நம்மூர் 'சரி, பரவாயில்லை' மாதிரி. மழை பெய்தாலும் கிராண்ட், தேநீர் ஆறிப்போனாலும் கிராண்ட். கார்க் நகரில் நான் வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டின் உரிமையாளர் என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டு, "கிராண்ட், கிராண்ட்" என்றார். வீடு கிடைத்துவிட்டதென்று நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். மறுநாள் போன் செய்தால், "இட் இஸ் கான்", அதாவது முடிந்துவிட்டதாம். விளம்பரம் மட்டும் அப்படியே இருந்தது. இப்படி ஏழு வீடு. எங்கள் தேனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் புலம்பினேன். நிறவெறி பிடித்தவர்கள் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஊரில் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, யாருக்கு விடமாட்டோம் என்பதை அதே குழுவில் பெருமையாக எழுதுகிற உத்தமர்கள். நானும் அதில் ஒருத்திதான்.

கடைசியில் தன் வீட்டில் ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தவள் சாயிதா. என்னோடு அதே மருத்துவமனையில் நர்ஸ், சொந்த ஊர் உத்தமபாளையம். தேனியிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம். இருபத்தெட்டு வருடம் தேனியில் வாழ்ந்தும் இஸ்லாம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெருநாள் பிரியாணியும், வாட்ஸப்பில் வந்து விழுந்த குப்பையும். அந்த மேதாவித்தனத்தோடுதான், ரம்ஜான் மாதத்து மாலையொன்றில் அவள் நோன்புக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒரு மாசம் பட்டினி கெடந்தா செஞ்ச பாவமெல்லாம் போயிருமாக்கும்?"

அவள் கோபப்படவில்லை. "எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளத அவன் மன்னிப்பான்க்கா. ஒரு மனுசனுக்கு நான் செஞ்ச அநியாயத்த அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அதுக்கு நேராப் போயிக் கேக்கணும்னு எங்க அத்தா சொல்லுவாக."

எங்கள் வீட்டில் ஒரு மொட்டையோடு எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு சௌகரியமான பக்தி! ஊரில் நான் செய்த ஒன்றை அவளிடம் சொல்லிவிட்டேன்.

நான் அயர்லாந்து வருமுன், தேனியில் எங்கள் மாடி வீட்டைக் கேட்டு ஒரு டீச்சர் வந்தார். தலையில் முக்காடு, இடுப்பில் கைக்குழந்தை. கேட்டைத் திறக்காமலே, "சொந்தக்காரகளுக்கு முடிஞ்சிருச்சு" என்றேன். என் தலைக்கு மேல் 'வாடகைக்கு' போர்டு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்; கேட் கம்பி வழியே கொடுத்தேன். பிறகு, "காலியானாச் சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அம்மா திட்டினாள்: "ஏண்டி, போர்டக் கழட்டிட்டுல்ல சொல்லியிருக்கணும்!" எங்கள் வீட்டு நீதி அவ்வளவுதான்.

சாயிதா கேட்டு முடித்தாள். முகம் இறுகியிருந்தது. "இதுல நான் மன்னிக்க ஒண்ணுமில்லக்கா. நம்பர் இருக்கா?"

இருந்தது. அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் 'முஸ்லிம் டீச்சர்' என்று பதிந்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அழைத்தேன். அவரேதான் எடுத்தார்.

"தேனியில வீடு கேட்டு வந்தீகளே டீச்சர், முடிஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேன். மன்னிப்புக் கேக்கத்தான்..."

"எந்த வீடும்மா? பதினோரு வீட்டுல முடிஞ்சிருச்சுன்னாக."

"வாசல்ல போர்டு தொங்குச்சே..."

"எல்லா வீட்டுலயுந்தான் தொங்குச்சு."

தண்ணீர் கொடுத்ததைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதையும் எனக்கு வரவாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

"இப்ப எங்கன இருக்கீக?" என்று கேட்டார்.

"அயர்லாந்துல. உத்தமபாளையத்துப் பிள்ள ஒண்ணு வீட்டுல. சாயிதான்னு பேரு."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவரைக் கடந்து போவது எனக்குக் கேட்டது.

"அந்தப் பிள்ள ஒங்களுக்கு வீடு குடுத்துச்சா?"

"குடுத்துச்சு டீச்சர்."

"சரி. நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இன்னும் சொல்லவில்லை.