காலில் ஊற்றிய கடல்

போன வருடம் ஆடி மாதம், திருகோணமலையில் எங்கள் சல்லிக் கடற்கரையில் நடந்தது இது. கச்சான் காற்று மத்தியானத்துக்குப் பிறகு கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காலம்.

நான் படகு ஓட்டுகிறவன். முப்பது வருடமாக இந்தக் கடலில்தான் மீன் பிடிக்கிறேன். மீன் இல்லாத நாட்களில் வெளியாட்களை ஏற்றிக்கொண்டு போவேன். எனக்கு வாய் மோசம், கோபமும் கெதியில் வரும். இதை மறைத்துவிட்டு எழுதினால் மிச்சம் எல்லாமே பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் எங்கள் கரையில் ஒரு பயிற்சி நடந்தது. வடதுருவத்துப் பனிக்கடலில் காலநிலை ஆராய்ச்சி செய்யப் போகிற இளம் விஞ்ஞானிகளுக்கான பயிற்சி. கேள்விப்பட்டவுடன் சிரித்தேன். பனிக்கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வெயிலில் என்ன வேலை? அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர், எல்லாரும் சேர் என்று கூப்பிடுகிறவர், விளக்கம் சொன்னார். துறைமுக வாயிலுக்கு வெளியே கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால் இங்கே கன தூரம் போகாமலே, சின்னப் படகிலிருந்து ஆழக்கடலுக்குக் கயிறு இறக்கலாம். சூடான கடலில் கயிறு இறக்கத் தெரியாதவர்கள் விரல் விறைக்கிற இடத்தில் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டார். அது நியாயமாகத்தான் பட்டது.

என் படகில் ஏறியவர்கள் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி குடாவுக்கு அக்கரை மூதூர், முஸ்லிம் பிள்ளை. அன்று அவளுக்குக் கடைசிப் பரீட்சை. ஐந்து ஆழங்களில் தண்ணீர் எடுத்து, மாலை நான்கு மணிக்குள் கரையில் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் அவள் கையாலேயே செய்ய வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. இதில் தேறினால்தான் கப்பலில் இடம், இருப்பதோ ஒரே ஒரு இடம். மற்றவள் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, நேரத்தைக் குறிக்க வந்தவள். படகு கரையோரத்துக் கல்லைத் தாண்டுவதற்குள்ளேயே வாளியைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"பனி பாக்கிறதெண்டா நுவரெலியா மலைக்குப் போகலாமே மகள்? கிட்ட" என்று மூதூர்ப் பிள்ளையைச் சீண்டினேன்.

"நுவரெலியாப் பனி உருகினா உங்கட வீட்டுக்குள்ள தண்ணி வராது அங்கிள். அங்கத்தத் தரைப் பனி உருகினா வரும்" என்றாள், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாய்க்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றின் நுனியில் ஒரு தடித்த குழாய், இரண்டு பக்கமும் திறந்தபடி இறங்கும். வேண்டிய ஆழத்துக்குப் போனதும் ஒரு பித்தளைக் குண்டைக் கயிற்றோடு வழுக்கவிடுவாள். அது கீழே போய் அடிக்க, குழாயின் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். பிறகு கையால் உருளையைச் சுற்றிச் சுற்றி மேலே எடுக்க வேண்டும். மேல் ஆழத்துத் தண்ணீர் எல்லாம் சின்னப் போத்தல்களில் போய், பெயர் ஒட்டி, பெட்டிக்குள் போயிற்று. கடைசித் தண்ணீர் அறுநூறு மீற்றரிலிருந்து வந்தது. அதை எடுக்க மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. படகு ஆடியதால், அதைக் கரையில் வைத்துப் பிரிக்கலாம் என்று சூடு ஏறாத ஒரு பெரிய கேனில் ஊற்றி என் காலடியில் வைத்தாள். சின்னப் போத்தலில் இருப்பதுதான் தேவையான சாமான், பெரிய கேனில் இருப்பது மிச்சத் தண்ணீர் என்று நான் நினைத்தேன். நான் கேட்கவுமில்லை.

இனி எங்கள் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். படகைக் கரையேற்ற முன் உள்ளே கிடக்கிற தண்ணீர் அத்தனையையும் இறைத்துவிடுவோம். வாளி, பேணி, கேன், எதில் இருந்தாலும் கவிழ்த்துவிடுவோம். பாரம் குறைந்தால்தான் மணலில் இழுக்கலாம். முப்பது வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகவே செய்யும்.

கரை தெரிந்தது. அந்தப் பிள்ளை படகின் முன்பக்கம், அணியத்தில் இருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். நான் கேனைத் திறந்தேன். வீணாகப் போகிற தண்ணீர்தானே என்று, காலில் பட்டிருந்த எஞ்சின் எண்ணெயைக் கழுவ அப்படியே ஊற்றினேன்.

ஏதோ கடித்துவிட்டது என்று காலை இழுத்தேன். மத்தியான வெயில், படகின் தட்டு கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது. அந்தத் தண்ணீர் குளிர்ப்பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரிச் சில்லிட்டது. விரல்கள் விறைத்துப்போயின. கேனுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை.

"இதுக்குள்ள ஐஸ் போட்டனியோ மகள்?" என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். கவிழ்ந்த கேனைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்றாள், அவ்வளவு மெல்ல.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் போட்டேன். பிழை செய்தால் எனக்கு முதலில் வருவது கோபம். "கடல் தண்ணிதானே! கடல் முழுக்கத் தண்ணிதானே கிடக்கு! சொல்லி வச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அவள் கேனை நிமிர்த்தி, அடியில் மிஞ்சியிருந்த ஒரு கரண்டித் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

கரைக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "இஞ்ச இருந்தே ஒரு கேன் மொண்டு, கடையில ஐஸ் வாங்கிப் போட்டுக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுந்தானே அங்கிள். கடல் எவ்வளவு மாறியிருக்கு எண்டு நாளைக்கு இத வச்சுத்தான் சொல்லப் போறாங்க. பொய்த் தண்ணியில என்னத்தச் சொல்ற?"

"அப்ப என்ன எழுதினனீ?"

"ஆழத்துத் தண்ணி கொட்டுப்பட்டிட்டு. கேனைப் பூட்டேல்ல, பேர் ஒட்டேல்ல. என்ட பிழை எண்டு."

"என்னைப் பற்றி?"

"நீங்க பரீட்சை எழுத வரேல்லையே அங்கிள்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படகை இழுக்கத் தோள் கொடுத்தவர்களைப் பார்த்து, விடுங்கள் என்று கத்தினேன். "ஏறு. திரும்பிப் போவம்."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "விசரே உனக்கு? கச்சான் கிளம்புறது தெரியேல்லையோ?"

"தெரியும். உன்ர வலையைப் பார்" என்றேன். சிங்களப் பிள்ளை வெளிறிய முகத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். நேரம் குறிக்க ஆள் இல்லாவிட்டால் எடுக்கிற தண்ணீர் செல்லாதாம்.

கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. போவது சுகம், வருவதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம் ஒரே இடத்தில் நிற்பது. படகு தள்ளுப்பட்டால் கயிறு சரியும், கயிறு சரிந்தால் அறுநூறு மீற்றர் அறுநூறாக இருக்காது. நங்கூரம் போட அங்கே அடி எட்டாது. கோணேசர் மலையையும் தூரத்து வெளிச்சவீட்டையும் அடையாளம் வைத்து, படகின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, எஞ்சினைக் கூட்டிக் குறைத்து நிறுத்தினேன். அது எங்கள் வேலை, அதில் எனக்குப் பயமில்லை. அவள் உருளையைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் தாங்க முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து கைபிடியில் இரத்தம் பட்டது. என் கைக்கு அது லேசான வேலை. ஆனால் நான் தொட்டால் அவளுடைய பரீட்சை முடிந்துவிடும்.

குழாய் மேலே வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு பெருங்காற்று படகைத் திருப்பிவிட, கயிறு அடியால் எஞ்சின் பக்கம் ஓடியது. எஞ்சின் விசிறியில் பட்டால் கயிறும் போகும், குழாயும் போகும். எஞ்சினை நிறுத்தி மேலே தூக்கினேன். அந்த இடைவெளியில் ஒரு அலை பின்பக்கத்தால் உள்ளே விழுந்தது. இடுப்பு வரை நனைந்தோம். சிங்களப் பிள்ளை வாந்தி வாளியாலேயே தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். "சுத்து மகள், சுத்து! நிப்பாட்டாத!" என்று கத்தினேன். அதைத் தவிர என்னால் ஆகக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

குழாய் வந்தது. இந்த முறை ஆட்டத்தைப் பார்க்காமல் அங்கேயே போத்தல்களில் பிரித்தாள். பெயர் ஒட்டினாள், பெட்டியைப் பூட்டினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வெறும் குழாயை என்னிடம் நீட்டினாள். "இப்ப தொடலாம் அங்கிள்."

குழாயின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அதே குளிர்.

"இந்தக் குளிர் எங்கயிருந்து வருது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"துருவங்கள்ல இருந்து அங்கிள். அங்க கடல் குளிர்ந்து, பாரமாகி, அடிக்கு இறங்கும். பிறகு இருட்டுக்குள்ளால ஊர்ந்து ஊர்ந்து, மத்தத் தண்ணியோட கலந்து கலந்து வரும். இது முழுக்க அதில்ல. ஆனா அதில கொஞ்சம் இதுக்குள்ளயும் இரிக்கி. இஞ்ச வர நூற்றுக்கணக்கான வருசம் எடுக்கும்."

நான் படகின் விளிம்பால் கீழே பார்த்தேன். ஆயிரம் தடவை பார்த்த அதே நீலம்தான். மேலே கை வைத்தால் இளஞ்சூடு. அதற்குக் கீழே, என் பாட்டன் பூட்டன் பிறக்க முன்னரே பனிக்கடலில் இருந்து புறப்பட்ட குளிர், யாருக்கும் தெரியாமல் எங்கள் துறைமுக வாசலில் வந்து நிற்கிறது. சுனாமியில் என் வீட்டைக் கொண்டுபோன கடல் இது. இதைத் திட்டியிருக்கிறேன், இதில் துப்பியிருக்கிறேன், இதில் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று இன்னொரு தரம் அந்தத் தண்ணீரில் கையை வைத்துவிட்டுத்தான் படகைக் கரைக்குத் திருப்பினேன்.

காற்றுக்கு எதிராக வந்து சேர நான்கு மணி தாண்டி முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. சேர் கரையில் மணிக்கூட்டோடு நின்றார். அவள் பேச முன் நான் இறங்கிப் போனேன். "பிழை என்ர. ஊத்தினது நான். இந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவர் குறிப்புப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தார். "இதில உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே ஐயா" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "பிந்தினதுக்குப் புள்ளி குறைப்பன். கைக்கு மருந்து போடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அந்த மனுசனை அந்த இடத்திலேயே கடலில் தள்ள வேண்டும் போல இருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு போன் வந்தது. "அங்கிள், எனக்குத்தான் கப்பல்ல இடம்! வாப்பாட்டச் சொல்லிட்டு அடுத்ததா உங்களுக்குத்தான் எடுக்கிறன்." "சரி சரி, தடிச்ச சுவெட்டர் ஒண்டு வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் அவளை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாரும் பார்க்காத ஆழத்தில் அந்தக் குளிர் எத்தனையோ தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது, யாரும் கேட்காமலே அந்தப் பிள்ளை தன் பிழையைத் தன் பேனையால் எழுதினாள், இரண்டையும் ஒரே நாளில் கண்டதிலிருந்து கடலைப் பற்றியோ மனிதரைப் பற்றியோ எல்லாம் தெரிந்தவன் மாதிரிக் கத்த எனக்கு வாய் வருவதில்லை.