படுதாக் கூரைக்கு என்ன விலை

எங்கள் வீட்டு வாசலில் ஐந்து வருடம் ஒரு பழைய வேன் நின்றது. அதற்கு ஒரு விலை சொல்வதற்குள் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. சிரிக்க வேண்டிய விஷயம் என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சிரிப்பு வரும், ஏன் வராது.

அவர் டிங்கரிங் மெக்கானிக். திருத்தணியில் திருப்பதி போகிற சாலையோரம் ஷெட் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கரும்புக்காரர் களத்தில் இந்த வேனைப் பார்த்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு வண்டி. மெட்ராஸில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நாலைந்து கை மாறி, கடைசியில் அந்தக் களத்தில் கோழி அடைகிற இடமாக ஆகியிருந்தது. உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, சின்னத் தண்ணீர்த் தொட்டி, துணி வைக்க அலமாரி. கூரையை மேலே தூக்கினால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். தூக்கிய கூரைக்கும் வண்டிக்கும் நடுவே நாலு பக்கமும் படுதாத் துணி. மொத்தத்தில் சக்கரம் வைத்த ஒற்றை ரூம் வீடு.

ஷெட்டில் இடமில்லை என்று அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். துரு சுரண்டி, தகடு வெட்டி வைத்து, இன்ஜினைப் பிரித்துக் கட்டி, பெயின்ட் அடித்து, அவர் வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான் ரவிக்கை தைப்பவள். காலால் மிதிக்கிற மிஷின். கூரைப் படுதா நைந்து கிழிந்திருந்தது, அதைத் தைத்துத் தர மெட்ராஸில் ஆள் கிடைக்கவில்லை. "நீ ஒரு தபா பாரேன்" என்றார். பார்த்தேன். பழைய படுதாவை நூல் நூலாகப் பிரித்து, பேப்பரில் அளவு வெட்டி, லாரிக்குப் போடுகிற புதுப் படுதா வாங்கித் தைத்தேன். கூரையை மடக்கும்போது படுதா உள்பக்கமாக மடிய வேண்டும். இரண்டு முறை வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு முறையும் பிரித்து மறுபடி தைத்தேன். ஊசி எத்தனை உடைந்தது என்று தெரியாது. அந்தத் தீபாவளிக்கு வந்த ரவிக்கைகளைத் திருப்பி அனுப்பினேன். பிறகு மெத்தை உறை, பிறகு ஜன்னல் திரை. திரைக்குப் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறிப்போய், தறி வீட்டிலேயே கட்டம் போட்ட லுங்கித் துணி எடுத்து வந்தேன். எல்லாம் முடிந்தபோது என் மிஷின் படுத்துவிட்டது. மெல்லிய துணியை வைத்தால் சுருட்டி இழுத்தது. வண்டி விற்றால் ஒரு பவர் மிஷின் வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வண்டியை விற்பது என்று முடிவானது. என்ன விலை சொல்வது? ஊரில் அப்படி இன்னொரு வண்டி இருந்தால் அல்லவா அதை வைத்துச் சொல்ல முடியும். பழைய இரும்புக்காரர் வந்து, என்ன எடை இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லி, எடைக்கு விலை போட்டார். டாக்சிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "எத்தினி பேர ஏத்தலாம்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் படுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப ஆட்டோ வெலையே ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள், உள்ளே குளித்துவிட்டு மலையேற எவ்வளவு வாடகை என்று கேட்டார்கள். கேட்டவர்களில் அவர்கள்தான் கொஞ்சம் நியாயமாகக் கேட்டவர்கள்.

கடைசியில் செலவை எல்லாம் கூட்டி, அதன் மேல் லாபம் வைப்பது என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தார். தகடு, பெயின்ட், டயர், தன் கூலி எல்லாம் எழுதினார். படுதாத் துணி விலையையும் எழுதினார்.

"தையல் கூலி?" என்றேன்.

"அது நம்ம வூட்டு வேல தான."

"டிங்கரிங்கும் நீங்க வாசல்ல உக்காந்து செஞ்சது தான? அதுக்கு மட்டும் எப்படி கூலி வந்துது?"

"வெளிய குடுத்தா டிங்கரிங்குக்கு காசு கேப்பான் இல்ல? அத்தான் எழுதறேன்."

"வெளிய குடுத்தா தையலுக்கு சும்மா தச்சிக் குடுப்பானா?"

அவர் பேனாவை மூடிவிட்டார். பசிக்கிறது, சோறு போடு என்றார். பணம்கூட அப்புறம்தான். அந்த விலைக்குள் என் வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆள் பிடித்துக் கொடுத்தது பள்ளிப்பட்டுத் தரகர். மாட்டுத் தரகு செய்துகொண்டிருந்தவர், டிராக்டர் வந்த பிறகு வண்டித் தரகுக்கு மாறியவர். ஒரு சாயங்காலம், ஏலகிரியில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒரு மெட்ராஸ்காரரைக் கூட்டி வந்தார். வண்டியைத் தோட்டத்தில் நிறுத்தி, வருகிறவர்களை அதில் படுக்கவைக்கப் போவதாகச் சொன்னார் அவர். இன்ஜினை அவர் திறந்தே பார்க்கவில்லை. கட்டிலில் படுத்துப் பார்த்தார். கூரையைத் தூக்கினார், மடக்கினார், மறுபடி தூக்கினார். படுதாவின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த ஸ்டிச்சிங் பிரமாதமா இருக்கே. எங்க செஞ்சீங்க?"

நான் காப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"மெட்ராஸ்ல ஒரு கடைங்க. பழைய ஆளு. நாலு மாசம் இழுத்தடிச்சிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பவே இல்லை.

தட்டை அப்படியே கீழே போட்டுவிடலாமா என்று இருந்தது. போடவில்லை. வந்தவர் முன்னால் அவர் பொய்யை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

விலை பேசும் நேரம் வந்தது. "வெலைய வாயால சொன்னா கண்ணு பட்டுடும் பாவா. ஒரு வெரல் பத்தாயிரம்" என்று என் வீட்டுக்காரரைத் தெலுங்கில் மச்சானாக்கிச் சொல்லி, தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. முதலில் அவர் கையும் என் வீட்டுக்காரர் கையும், பிறகு அவர் கையும் மெட்ராஸ்காரர் கையும். மெட்ராஸ்காரருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. என் வாசலில், என் கண் முன்னால், என் நாலு மாத வேலைக்கும் சேர்த்து விலை முடிந்தது. எனக்குத் தெரிந்தது துண்டின் சிவப்புக் கரை மட்டும்தான்.

வண்டி போன பிறகு கேட்டேன்.

"வூட்ல தச்சதுன்னு சொன்னா கொறச்சிக் கேப்பான்டி. கடைன்னு சொன்னதால தான் ரெண்டு வெரல் சேத்துக் குடுத்தான்."

"அப்ப அந்த ரெண்டு வெரல் என்னுது தான?"

"மொத்தமா பேசினதுல இன்னாத்த பிரிக்கறது" என்றார். அந்தப் பணத்தில் ஷெட்டுக்கு வெல்டிங் செட் வந்தது. என் மிஷின் துணியைச் சுருட்டி இழுத்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டு வாரம் தேவைக்கு மட்டும் பேசினேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒருநாள் மத்தியானம் ஷெட்டிலிருந்து நேரத்தோடு வந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், தண்ணீர் குடித்தார், மறுபடி வந்து நின்றார்.

"ஏலகிரிக்காரர் போன் பண்ணாரு. இன்னொரு வண்டி எடுத்துகீறாராம். அதே மாதிரி படுதா, உறை, திரை எல்லாம் வேணுமாம். அந்தக் கடையாண்ட வெல கேட்டு சொல்லச் சொல்றாரு."

"ஆங். போய்க் கேளுங்க. மெட்ராஸ்ல தான கீது."

"இன்னா வெல சொல்லட்டும், சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து என் தையலுக்கு என்ன விலை என்று அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மிதிப்பதை நிறுத்தினேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி என் கையின் மேல் போட்டுக்கொண்டு, கையை நீட்டச் சொன்னேன். "ஒரு வெரல் ஆயிரம்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நீட்டினார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டு, அதன் மேல் இன்னும் மூன்றைப் பிடித்தேன்.

சிரிப்பு நின்றது. "இவ்ளோவா?" என்று சொல்லி, ஒரு விரலை மடக்கப் பார்த்தார்.

நான் விடவில்லை.