தூசியும் துருவும்

வண்டியடியில் மல்லாந்து படுக்க ஓர் இடம். யாரிடமும் இரவல் கேட்காத ஸ்பேனர் பெட்டி. மாஸ்டர் அட்டாவின் வலப்பக்கத்து முக்காலி. "அந்தப் பொண்ணு இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்கும் டிரைவர்கள். குமாசி நகரின் சுவாமே பட்டறைத் தெருவில் என் தங்கை போக்குவா முட்டி மோதிச் சம்பாதித்தவை இவை. இதை எழுதும் நேரத்திலும் ஒரு வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். புது வண்டி வந்தால் அவள் முதலில் பார்ப்பதில்லை, காதால் கேட்பாள்.

"முன்னாடி போ. நிறுத்து. ரிவர்ஸ் போடு," என்கிறாள். கியர் விழும்போது 'டொக்' என்றால் கிராஸ் ஜாயிண்ட். வேகத்தோடு சேர்ந்து ஒரு ஊளை ஏறி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அடங்கினால் பின் அச்சின் பல்சக்கரமான கிரௌன் பினியன். அதைச் சொல்லும்போது, "சர்ச்சுல எல்லாரும் பாடி முடிச்சப்புறமும் ஒருத்தி மட்டும் இழுப்பாளே, அதுதான்," என்பாள். வண்டி திரும்பும்போது முன்சக்கரத்தில் 'டிக் டிக்' கேட்டால், "உள்ள யாரோ வேர்க்கடலை உடைக்கிறாங்க. ஆக்சில் ஜாயிண்டைக் கழட்டு."

இன்ஜின் கத்தி வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். போக்குவா அதற்கும் மேலே போவாள். கியர் எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் பிடிப்பாள். மஞ்சளாக மினுக்கினால் கியர் மாற்றும் பித்தளை வளையம் போகிறது. வெள்ளையாக மினுக்கினால் பல்லே போகிறது. பிறகு அந்த விரலை முகர்ந்தும் பார்ப்பாள். சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டுச் சோள மாவுக் கென்கி சாப்பிட உட்கார்ந்தால், அந்த விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு மற்றவற்றால் சாப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீலப் பூப்போட்ட உடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வாசலில் போதகர் வண்டி வந்து நிற்கும். "அக்கா, இவர் கிளட்ச் கிறிஸ்துமஸைப் பாக்காது," என்பாள், கண்ணை மூடியபடியே. அந்தக் கிளட்ச் பார்க்கவும் இல்லை.

பக்கத்துக் கடையில் பழைய போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து விற்பவள் நான். தங்கை என்பதற்காக எதையும் கூட்டிச் சொல்வதில்லை. அரை அளவு பெரிய நட்டு மரையில் பிடிக்காது.

அட்டாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த பாகத்தின்மேல், வேலை செய்தவர் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். வண்டி மறுபடி படுத்தால் டிரைவர் கீழே புகுந்து பெயரைப் படித்து, தெருவே கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவார். போக்குவா பூட்டிய எத்தனையோ கியர் பெட்டிகளின்மேல் 'அட்டா' என்றுதான் இருந்தது. "எனக்கு ஒன்னும் இல்லம்மா. பொம்பளப் பேரைப் பாத்தா டிரைவருங்க ஓடிருவானுங்க," என்பார் மாஸ்டர். அவள் அடுத்த வண்டிக்குக் கீழே நகர்ந்துவிடுவாள்.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஓட்டும் அம்பொன்சா எண்ணெய் மாற்ற வந்தான். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், அதன் முன்முனையில் கிராஸ் ஜாயிண்ட். அந்தக் கிராஸின் மூடியைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் ஒன்றைப் போக்குவா பார்த்தாள்.

"அண்ணே, கிராஸ் காஞ்சு போச்சு. உள்ள இருக்கிற ஊசி உருளையெல்லாம் துருவாகி வெளிய வருது."

"நம்ம ரோட்டுல எந்த வண்டியடி சிவப்பா இல்ல, தங்கச்சி? எங்க வீட்டு வெள்ளை நாயே சிவப்பாத்தான் அலையுது!"

தெருவே சிரித்தது. செம்மண் எல்லோர் வண்டியிலும்தான் இருந்தது.

மறுநாள் மாலை அவன் திரும்பி வந்தான். சனிக்கிழமை மாமனாரின் சாவுச் சடங்கு. மனைவியின் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு மாம்பொங் மலைச் சரிவில் ஏற வேண்டும். அதற்காக வண்டியை அடிவரைக்கும் கழுவி, கிராஸில் புதுக் கிரீஸும் அடித்திருந்தான்.

"பாரு, உன் துரு தண்ணியோட போயிருச்சு!"

மாஸ்டர் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார். கிரீஸ் நிறைந்திருந்ததால் ஆடவில்லை, 'டொக்'கும் கேட்கவில்லை. "இறுக்கமாத்தான் இருக்கு, போக்குவா. விடு."

வண்டியடியில் படுக்கும் தன் அட்டையை அவள் முன்சக்கரத்தை ஒட்டி விரித்து அதில் உட்கார்ந்துகொண்டாள். "ஏத்தத்துல அந்த முனை கழண்டு ரோட்டுல ஊணுச்சுன்னா வண்டியே எகிறும். ரவுண்டானா வரைக்கும் தார் ரோட்டுலயே காலியா ஓட்டிட்டு வாண்ணே. வந்து அந்தக் கிராஸை உன் கையாலயே துடை. துணி சுத்தமா இருந்தா நான் இந்தத் தெருவுல இனிமே ஸ்பேனரைத் தொடல."

சொன்னால் சொன்னதுதான், அவளை எனக்குத் தெரியும். வண்டி போய்த் திரும்பும்வரை ஒரே டப்பாவின் நட்டுகளைக் கொட்டிக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் அம்பொன்சா சடங்குக்கென்று வாங்கிய புது வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கீழே போனான். வெளியே வந்தபோது அதில் செங்கல் நிறத்தில் ஒரு கறை.

"வழியில மண்ணு ஒட்டியிருக்கும்," என்றான். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"வண்டியடி முழுக்கக் கழுவின மாதிரியே இருக்கு. மண்ணு இந்த ஒரு எடத்தை மட்டும் தேடிப் புடிச்சு ஏறுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. போக்குவா ஷாஃப்டை இறக்கி மூடியைத் தட்டினாள். ஊசிகள் இருக்க வேண்டிய இடத்தில் அரைத்த மிளகாய் போல் பொடி இருந்தது. அம்பொன்சா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "முன் சீட்டுல எங்க அத்தை உக்காருவாங்க," என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

புதுக் கிராஸ் ஏறியது. மாஸ்டர் வழக்கம்போல் பெயிண்ட் டப்பாவோடு குனிந்தார்.

"நில்லு மாஸ்டர்," என்றான் அம்பொன்சா. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் பேரைச் சொல்லிக் கத்துறது? உன் பேரையா? நீதான 'விடு'ன்ன!"

மாஸ்டர் பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். பிறகு சிரித்துவிட்டு அதைப் போக்குவாவிடம் நீட்டினார்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். போதவில்லை என்று மறுபடி துடைத்தாள். அட்டையில் மல்லாந்து வண்டிக்குக் கீழே நகர்ந்தாள்; வெளியே தெரிந்த கால்கள் வெகுநேரம் அசையவில்லை. அவள் எழுந்ததும் நான் குனிந்து பார்த்தேன். ஷாஃப்டின்மேல் ஈரம் காயாத வெள்ளை எழுத்துகள், ஒரு பக்கமாகச் சாய்ந்து: போக்குவா. 19 ஆகஸ்ட் 2011.