தம்பி நிறுத்திய மணி

அந்த மருந்துக் கிடங்கில் அவனுக்குக் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்றுதான் பெயர். பில் போடும் வரிசையில் முதல் நாற்காலி அவன் அக்காவுடையது. அவள் சொல்லித்தான் முதலாளி அவனை வேலைக்கே எடுத்தார். அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், “எனக்கு இந்த நாற்காலி போதும்பா, சண்டை போடாது” என்று சிரித்து மழுப்பிவிடுவாள். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், அதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆர்டர் சொல்லச் சொல்ல விரல்கள் பாட்டுக்கு ஓடும். மருந்துக் குறியீடு அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பில் போடும் புரோகிராமோ அரதப் பழசு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. அதை மாற்ற முதலாளிக்கு மனசு வரவில்லை. பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டதும், புதியவற்றில் லினக்ஸ் போடச் சொன்னார். பழைய திரையை லினக்ஸுக்குள் அப்படியே காட்டும் டெர்மினல் மென்பொருளைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது.

லேசுப்பட்ட வேலையா அது? முதலில் போட்டதில் கட்டங்களின் கோடெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. அடுத்ததில் பில்லைப் பதிய எஃப்-10 அழுத்தினால், மென்பொருளின் சொந்த மெனு பல்லிளித்தது. இன்னொன்று பிரிண்டர் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியாக ஒன்றைப் பிடித்தான். எல்லாம் கச்சிதம். அதன் அமைப்புகளில் மணிச் சத்தத்துக்கும் ஓர் இடம் இருந்தது.

குறியீட்டைத் தப்பாக அடித்தால் ‘டிங்’ என்று கத்தும் மணி அது. நாள் முழுக்க வரிசையில் யாராவது ஒருவருக்கு டிங், டிங். அக்கா கொஞ்ச காலமாக வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால் தலைவலி என்பாள். இந்தப் பாழாய்ப்போன சத்தம்தான் காரணம் என்று அவனாகவே முடிவுகட்டினான். அவளிடம் சொல்லாமலே, ஆசை ஆசையாக, மணியை அணைத்துவைத்தான். அடப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!

மறுநாள் காலை அவள் புது இயந்திரத்தில் உட்கார்ந்தாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“பழசு மாதிரியேதான்டா இருக்கு. கெட்டிக்காரன்டா நீ.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மதியம் முதலாளியே வந்து நின்றார். “என்னம்மா, காலையிலேர்ந்து உங்க சீட்டுலேர்ந்து ஒரு பில்கூட வரலையே? ஆஸ்பத்திரிக்காரங்க போன்ல கிழிக்கிறாங்க.”

“போட்டுக்கிட்டேதான் சார் இருக்கேன்.”

தன் மென்பொருள்தான் காலை வாரிவிட்டது என்று பதறி ஓடிவந்தான் தம்பி. திரையில் முதல் பில்லே முடியவில்லை. இரண்டாவது மருந்தில் ஓர் எழுத்து தவறியிருந்தது. அதைத் திருத்தாமல் புரோகிராம் நகராது. அதற்குப்பிறகு அவள் அடித்ததெல்லாம் வீண். கடைசி வரியில் ‘குறியீடு தவறு’ என்று பெரிதாக மின்னிக்கொண்டிருந்தது.

“அக்கா, கடைசி வரியைப் படி.”

அவள் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள். “பில் பதிவாகிவிட்டதுன்னு இருக்கு.”

தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துகொண்டு, இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறானே!

முதலாளி நல்ல மனுஷர். குரலை உயர்த்தவில்லை. “மருந்தும்மா இது. ஒண்ணுக்கு ஒண்ணு மாறிப் போச்சுன்னா? நாளையிலேர்ந்து வீட்டுல இருங்கம்மா.” சொல்லிவிட்டு நிற்க முடியாமல் போய்விட்டார்.

தம்பி மணியைத் திரும்பப் போட்டான். “தலைவலிக்குதுன்னியேக்கா... நான்தான் நிறுத்தினேன்.”

“கண்ணு டாக்டர் கையை விரிச்சு ரொம்ப நாளாச்சுடா. சொன்னா வீட்டுல உக்கார வச்சிருவியேன்னு...”

விசைகளைத் தடவி, வேண்டுமென்றே ஒரு தப்புக் குறியீட்டை அடித்தாள். டிங். இன்னொன்று. டிங். அவள் முகம் ஒரு நிமிஷம் பழையபடி மலர்ந்தது. அவனோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“இது ஒண்ணு இருந்தாப் போதும்டா எனக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன்.”

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்து, அவன் நிற்கும் திசை பார்த்துக் கையை நீட்டினாள்.

“பிடிச்சுக்கடா. படி தெரியாது எனக்கு.”