சுருங்கிய சிறுநீரகமும் ஒரு புட்டி கஷாயமும்

கல்யாணமான இரண்டாம் வருடம் ஓயாத தலைவலி என்று தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தக் கொதிப்பு அதிகமாக இருந்தது. "இந்த வயசுல பிரஷர் வந்தா ஏதாவது காரணம் இருக்கணும்மா" என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். இடது சிறுநீரகம் சுருங்கிப்போயிருந்தது.

ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்ததும் கணவர் ரிப்போர்ட்டைத் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மாமியார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அரைக் கிட்னியோட பொண்ண நம்ம தலையில கட்டிட்டாங்க."

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

கணவர் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

தொட்டியத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள். "சின்னதுல உனக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும். ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுவ. ஊசி போட்டா சரியாயிடும், அதோட விட்டுட்டோம்டி."

அடுத்த முறை டாக்டரிடம் மாமியாரையும் அழைத்துப் போனேன். அவர் காதாலேயே கேட்கட்டும் என்றுதான். அம்மா சொன்னதை டாக்டரிடம் சொன்னேன்.

"சில குழந்தைங்களுக்கு மூத்திரம், மூத்திரப்பையிலேர்ந்து திரும்ப மேல கிட்னிக்கு ஏறும். கிருமியும் கூடவே போகும். அப்படி அடிக்கடி ஆனா கிட்னியில தழும்பு விழுந்து சுருங்கிடும். இவங்களுக்கு அதுதான் நடந்திருக்கணும். மத்தவங்களுக்கு சுகர், பிரஷர், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லு, வருஷக்கணக்கா முழுங்கற வலி மாத்திரைன்னு எவ்வளவோ காரணம் இருக்கு."

"திரும்ப வளருமா?" என்று கேட்டார் மாமியார்.

"வளராதும்மா. ஆனா வலது நல்லா வேலை செய்யுது. உப்பைக் குறைச்சு, பிரஷரைக் கட்டுல வச்சுக்கிட்டா போதும். கண்ட மருந்தையும் சாப்பிடக் கூடாது. குழந்தை வேணும்னா முன்னாடியே வந்து சொல்லுங்க, பிரஷர் மாத்திரையை மாத்தித் தரேன்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியதும் மாமியார் சொன்னது இதுதான்: "டாக்டரே சொல்லிட்டாரு, இது சின்னதுலேர்ந்தே இருக்கற கோளாறுன்னு."

சில நாளில், சமயபுரம் கோயிலுக்குப் போன மாமியார், யாரோ கொடுத்ததாக ஒரு புட்டி கஷாயத்தோடு வந்தார். கறுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது.

"இதக் குடி. கிட்னி பழையபடி வந்துடும்."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? இருக்கற ஒண்ணும் போயிடும்."

"குடிக்கலன்னா உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு."

அவர் கண்ணெதிரிலேயே புட்டியை சிங்க்கில் கவிழ்த்தேன். அப்போதுதான் கணவர் செல்போனை விட்டுத் தலையைத் தூக்கினார்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு என்னைக்காவது கேட்டீங்களா நீங்க?"

அவர் மறுபடி செல்போனுக்குள் குனிந்தார். அன்றைக்கே பெட்டியோடு இறங்கினேன். தொட்டியத்துக்குப் போகவில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, உறையூரில் மாடிப் போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டேன். பிரஷர் இறங்கியது, தலைவலியும் விட்டது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அம்மா சம்மதிச்சுட்டாங்க. வா, போலாம்."

"நான் சம்மதிக்கல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.