பன்றித் தீவனமும் ஒரு பெண் பார்த்தலும்

எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் பன்றியால் தட்டிப்போயின. மெல்பர்னில் நான் செய்வது தீவன ஆராய்ச்சி. மக்காச்சோளத்தில் பாஸ்பரஸ் நிறைய உண்டு, ஆனால் பூட்டிக் கிடக்கும். அதைத் திறக்கும் என்சைம் பன்றியின் வயிற்றில் போதாது என்பதால் பெரும்பகுதி சாணத்தோடு போய்விடும். அந்த என்சைம் விதையிலேயே ஊறும்படி மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைத்தான் எங்கள் பன்றிகளுக்குப் போடுகிறோம். பலன் தெரிய வேண்டுமானால் சாணத்தை அள்ளி, உலர்த்தி, அரைத்துச் சோதிக்க வேண்டும். நாட்டுக்கு நல்ல வேலை. கல்யாணச் சந்தையில் செல்லாக்காசு.

மூன்றாவது சம்பந்தம் மெல்பர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில். கூட வந்த அத்தை காரிலேயே எச்சரித்துவிட்டார்.

"மக்காச்சோளம்னு மட்டும் சொல்லு. பன்னின்னு வாயத் தொறந்தே, இனிமே உனக்குப் பொண்ணு தேடி நான் அலையமாட்டேன்."

வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. அத்தையை விட்டால் எனக்கு நாதியில்லை. அதனால் அங்கே போய், சோளத்துப் பாஸ்பரஸ் வீணாகாமல் செய்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டை நீட்டினார். "அந்தச் சோளத்த நாங்களும் வாங்கிச் சாப்பிடலாமா தம்பி?"

"இப்போதைக்கு வெளிய விக்கறதில்ல அங்கிள்."

"அப்ப யாரு சாப்பிடறா?"

"பஜ்ஜி பிரமாதம்," என்றார் அத்தை, ஒன்றைக்கூட வாயில் வைக்காமலே.

அதுவரை பேசாதிருந்த பெண் என் பக்கம் திரும்பினாள். "வீணாகலைன்னு எப்படி அளக்கறீங்க?"

பொய் எனக்கும் வரும். ஆனால் வேலையைப் பற்றி அக்கறையாக ஒருவர் கேட்டால் வராது.

"பன்னிச் சாணத்துல," என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணின் அம்மா காபி டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"காயவச்சா, ஈரமாவா?" என்றாள் பெண்.

"காயவச்சு."

"நாங்க ஈரமாவே எடுப்போம்."

"அதைச் சொல்லாதேன்னு காலையிலேர்ந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்றார் அம்மா.

சுற்றுச்சூழல் எஞ்சினியர் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் நிலையத்தில் பாஸ்பரஸைப் பிரித்தெடுப்பது அவள் வேலையாம். முன்பு அவளைப் பார்க்க வந்தவர்களும் அதைக் கேட்டதும் எழுந்து போனவர்கள்தான்.

"நீங்க உள்ளயே நிறுத்தறீங்க. நாங்க வெளிய வந்தப்பறம் பொறுக்கறோம்," என்றாள் என்னிடம்.

என் வேலையை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உலர்த்தும் சூடு, சலிக்கும் சல்லடை, நாற்றத்துக்கு எந்த சோப்பு என்று இருவரும் பேசிக்கொண்டே போனோம். மற்ற மூவரும் பஜ்ஜியைத் தொடவில்லை. நாங்கள்தான் தின்று தீர்த்தோம்.

ஒரு கட்டத்தில் அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, பொண்ணோட தனியாப் பேசறதுதானே வழக்கம்? தயவுசெஞ்சு அந்த ரூமுக்குப் போய்ப் பேசுங்க," என்றார்.

வாயில் என்ன வந்தது என்று அவரே கவனிக்கவில்லை. அத்தை கவனித்துவிட்டார். மூடிய கண்ணைத் திறந்து, "போடா, மாமா சொல்றார் இல்ல," என்றார்.