இடுப்பில் கட்டிய கயிறு

மலையில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடொன்றில் வளர்ந்தவள் நான். கடலில் ஒரு கப்பல் எண்ணெய் கக்குகிறது என்று கேட்டதுமே, நண்பர்களோடு கிழக்குக் கரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். கொழுந்துச் சாக்குகளில் வைக்கோலும் காலிப் போத்தல்களும் திணித்து, கயிற்றில் கோத்து, கடலோடு சேரும் களப்பு ஏரிக்குள் எண்ணெய் நுழையாதபடி மிதக்கும் அணை கட்டினோம்.

"மலையில இருக்கிற புள்ளைகளுக்குக் கடல்ல என்ன வேலை?" என்று சிரித்தார் மீனவர் ஹனீபா நானா.

"எங்க ஓடைத் தண்ணி இங்கதானே நானா வந்து சேருது!" என்றேன்.

அதே வீறாப்பில், அணை நகராமலிருக்க அதன் கயிற்று நுனியை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அம்மா கொழுந்தெடுக்கப் போகையில் உடுப்பு நனையாமல் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை அப்படித்தான் இறுக்கிக் கட்டுவார். பெரிய அலையொன்று கரையில் மோதித் திரும்பியது. அணை என்னையும் சேர்த்து இழுத்துப் போனது. வாயெல்லாம் உப்பும் எண்ணெயும். நானாதான் பாய்ந்து வந்து கத்தியால் கயிற்றை அறுத்தார்.

"ஊட்டுக்குப் போ புள்ள!"

"என்னை விடுங்க நானா, அணை போகுது, புடிங்க!" என்று இருமிக்கொண்டே கத்தினேன்.

இருவருமாக அணையை இழுத்து வந்து கரையிலிருந்த மரக்குற்றியில் கட்டினோம். எண்ணெய் களப்புக்குள் நுழையவில்லை.

இப்போது எந்தக் கயிற்றையும் உடம்பில் கட்டுவதில்லை. முதலில் குற்றியைத்தான் தேடுகிறேன். கடல் உனக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு மட்டும் அன்று சொன்ன பதில்தான் இன்றும்.